ஓட்டல் ஆள் சாப்பாடு: 20 பேருக்கு அளவும் நேரமும்

காலை ஆறரைக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். ராத்திரி பதினொன்றுக்குக் கடைசிப் பரோட்டா கல்லை விட்டு இறங்கும். நடுவில் அத்தனை பேருக்கும் இலை போடுகிறவர்கள் தாங்கள் எப்போது சாப்பிடுவது என்பதைப் பல கடைகளில் யாரும் யோசிப்பதில்லை. மூன்றரை மணிக்கு மேல் வாளியில் நின்ற சாம்பார், அடியில் கிடக்கும் பொரியல், ஆறிப்போன சோறு, அதுவும் நின்றுகொண்டே. அதுவரை வயிற்றுக்கு டீதான். இரண்டு மணிக் கூட்டத்தில் சப்ளையர் டேபிளை மாற்றி வைப்பதும், காய் கட்டிங்கில் விரல் வெட்டுப்படுவதும், மாஸ்டர் எரிந்து விழுவதும் பாதி பசியால் வருவது.

இதைச் சரி செய்யப் பெரிய செலவு வேண்டாம். ஓர் அண்டா, ஒரு தொட்டுக்க, ஒரு நேரம், பொறுப்புக்கு ஓர் ஆள். மிச்சத்தைத் தின்னக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஆள் சாப்பாட்டைத் தனிச் சமையலாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 15 முதல் 25 பேர் வேலை செய்கிற நடுத்தரக் கடையை மனதில் வைத்து இங்கே அளவுகள் 20 பேருக்குத் தரப்பட்டுள்ளன.

ஆள் கணக்கு

காலை 8 மணிக்குள் அன்றைய தலைக்கணக்கு கரும்பலகையில் ஏற வேண்டும். லீவு போட்டவர், மதியம் மட்டும் வருகிறவர், பாத்திரம் கழுவுகிற அக்கா, கடை சம்பளத்தில் இருக்கும் பார்சல் பையன் எல்லாரும் அதில் அடக்கம். கல்லாவில் இருப்பவரைச் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான தப்பு. அவர் கடைசியில் வந்து நிற்கும்போது அண்டா காலியாக இருக்கும்.

சாதாரணச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 175 கிராம் அரிசி. வீட்டுக் கணக்கில் இது அதிகம்தான். ஆனால் அடுப்படியில் எட்டு ஒன்பது மணி நேரம் நிற்கிறவர் வீட்டு அளவு சாப்பிட மாட்டார். 20 பேருக்கு 3.5 கிலோ. பருப்பு தலைக்கு 40 கிராம், காய் 100 முதல் 120 கிராம், எண்ணெய் 12 முதல் 15 மில்லி. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான மூட்டைக்கு ஜி.எஸ்.டி. போட்டதிலிருந்து பல மில்கள் 26 கிலோ மூட்டை கட்டுகின்றன. அது நமக்கு ஒரு வகையில் வசதி: தினம் 3.5 கிலோ என்றால் ஏழு நாளைக்கு 24.5 கிலோ. மதியச் சாப்பாட்டுக்கு வாரம் ஒரு மூட்டை என்று ஆட்களுக்கெனத் தனியாக ஒதுக்கி வைத்துவிடலாம். ஐந்தாம் நாளே மூட்டை காலியானால் அளக்காமல் போடுகிறார்கள் என்று பொருள். பத்தாம் நாளும் பாதி இருந்தால் ஆட்கள் சாப்பிடவில்லை என்று பொருள். அதுதான் முதலில் விசாரிக்க வேண்டியது.

இரண்டு பந்தி

எல்லாரும் ஒன்றாக உட்கார முடியாது, கடை நின்றுவிடும். முதல் பந்தி காலை 11 மணி. காலை டிபன் ஓய்ந்து மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி அது. சப்ளையர்கள், கட்டிங் ஆட்கள், விடியலில் வந்த இட்லி, தோசை மாஸ்டர்கள் இதில் உட்கார வேண்டும். விடிகாலை 5 மணிக்கு வந்தவருக்கு 11 மணி ஆறு மணி நேரம் கழித்து வருவது, சீக்கிரம் இல்லை. இரண்டாம் பந்தி மூன்றேகால். மதியச் சாப்பாட்டு மாஸ்டர், கழுவுகிற இடத்தில் இருப்பவர்கள், கல்லா, அப்போதுதான் வந்து மாவு பிசையத் தொடங்கியிருக்கும் பரோட்டா மாஸ்டர். ஆளுக்கு 20 நிமிடம். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பின்வாசலில் சிலிண்டருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார வைக்கக் கூடாது. 11 மணிக்குக் கூடத்தில் இரண்டு டேபிள் எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

கூட்டம் முடிந்த பின் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்கிற ஏற்பாடு கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. நாலு மணிக்கு டீக்கடைக் கூட்டம் வந்துவிடும்.

அரிசிம்பருப்பு: ஒரே அண்டாவில் முடிகிற வேலை

ஆள் சாப்பாட்டுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கும் கொங்குச் சமையல் இது. தனியாகச் சோறு, தனியாகக் குழம்பு வேண்டாம். அடுப்பு ஒன்றுதான் பிடிக்கும். பருப்பும் உள்ளேயே இருப்பதால் வயிறு நாலு மணி வரை தாங்கும். வாரத்தில் இரண்டு நாள் இதைப் போட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அண்டாவில் செய்யும்போது வீட்டுக் குக்கர் கணக்கு உதவாது.

20 பேருக்கு: புழுங்கலரிசி 3 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி 800 கிராம், பூண்டு 200 கிராம், வரமிளகாய் 30, சீரகம் 40 கிராம், மிளகு 20 கிராம், கடுகு 20 கிராம், மஞ்சள்தூள் 12 கிராம், கடலெண்ணெய் 300 மில்லி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு கட்டு, கல்லுப்பு 120 கிராம், தண்ணீர் 12 லிட்டர். இது போக 2 லிட்டர் வெந்நீர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். வெந்து முடிந்தால் கிட்டத்தட்ட 16 கிலோ வரும். கொதிக்கும்போது பொங்க இடம் வேண்டும் என்பதால் அண்டா 25 லிட்டருக்குக் குறையக் கூடாது. அடி கனமானதாக இருக்கட்டும்.

காலை 9.15-க்குப் பருப்பை வெந்நீரில் ஊறப் போடுங்கள். 9.30-க்கு அரிசியைக் கழுவி ஊற வையுங்கள், அரை மணி நேரம். 9.40-க்கு ஊறிய பருப்பை 5 லிட்டர் தண்ணீரில் மஞ்சள் போட்டுத் தனியாக வேக விடுங்கள். விரலில் வைத்து அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும், மசியக் கூடாது. 15 முதல் 20 நிமிடம் ஆகும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். திறந்த அண்டாவில் அப்படிப் போட்டால் அரிசி குழையும், பருப்பு கல்லாய் நிற்கும். காரணம் தக்காளி. புளிப்புச் சேர்ந்த தண்ணீரில் பருப்பின் திசு எளிதில் இளகுவதில்லை. அதனால் புளிப்பு சேருமுன் பருப்பு பாதி தாண்டியிருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக் கடையில் 15 நிமிடத்தில் வேகும் பருப்பு, போர்த் தண்ணீரை நம்பி இருக்கும் பல்லடம், அவினாசி பக்கத்துக் கடையில் அரை மணி நேரம் ஆகியும் வேகாமல் நிற்கும். போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடுகிறது. பருப்பு வேக மட்டுமாவது குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சோடா உப்பு போடாதீர்கள். சீக்கிரம் வேகும்தான். ஆனால் கூழாகிப் போகும், சவக்காரம் போல ஒரு வாடை நிற்கும், பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் போய்விடும்.

10 மணிக்கு அண்டாவைப் பட்டியில், அதாவது பெரிய அடுப்பில், ஏற்றி எண்ணெய் ஊற்றுங்கள். கடுகு வெடித்ததும் பாதிச் சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. அடுத்துத் தோலுரித்த பூண்டு முழுதாக, பிறகு சின்ன வெங்காயம். பெரியதாக இருந்தால் இரண்டாக நறுக்கலாம், பொடியாக வேண்டாம். சாப்பிடும்போது வெங்காயம் பல்லில் படுவதில்தான் ருசி. பெரிய வெங்காயத்தைப் போட்டுச் செய்தால் இனிப்பு ஏறிவிடும். வெங்காயம் கண்ணாடி போல ஆக ஆறேழு நிமிடம். தக்காளி போட்டு மசிய ஐந்து நிமிடம். மீதிச் சீரகத்தையும் மிளகையும் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு ஒரு புரட்டு. வெந்த பருப்பைத் தண்ணீரோடு ஊற்றி, மேலும் 7 லிட்டர் வெந்நீர் ஊற்றி, உப்பைப் போடுங்கள். தளதளவென்று கொதித்த பிறகுதான் வடிகட்டிய அரிசி. இந்த நேரத்தில் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். போதவில்லையென்றால் 10 கிராம் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் 10 முதல் 12 நிமிடம் தீ முழுதாக. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கரண்டி அடியைத் தொட்டு வர வேண்டும். பருப்பு கனம், அடியில் போய் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் பிடிக்கும். தண்ணீர் அரிசியின் மட்டத்துக்கு இறங்கியதும் கிளறுவதை நிறுத்துங்கள். இதற்கு மேல் கிளறினால் அரிசி உடைந்து களியாகும். தீயை முழுதாகக் குறைத்து, அண்டாவுக்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்து, தட்டுப் போட்டு மூடி 15 நிமிடம். அடுப்பை அணைத்துத் திறக்காமல் 10 நிமிடம். 11 மணிக்குக் கொத்தமல்லி தூவி, இருந்தால் 100 கிராம் நெய் விட்டு இறக்குங்கள். கரண்டியில் எடுத்துப் போட்டால் தட்டில் மெதுவாகப் பரவ வேண்டும். மலை போல நின்றால் தண்ணீர் குறைவு. ஓடினால் அதிகம், ஆனால் ஓடுவது பரவாயில்லை, ஆற ஆற இறுகும்.

அடிப்பிடித்துவிட்டது என்று வாடை சொன்னால் சுரண்டாதீர்கள், கிளறாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு உடனே மாற்றுங்கள். அடியில் இரண்டு விரல் கனம் போனாலும் மற்றது தப்பிக்கும். கிளறினால் 16 கிலோவும் தீய்ந்த வாடைதான்.

இரண்டாம் பந்திக்கு இது தாங்குமா என்றால், முழுதாகத் தாங்காது. சூடு இறங்காமல் வைத்திருந்தாலும் 3 மணிக்குள் இறுகிக் கட்டியாகிவிடும். லிட்டருக்கு 5 கிராம் உப்பு போட்ட வெந்நீர் விட்டு, இளந்தீயில் பக்குவமாகப் புரட்டினால் ஓரளவு இளகும். அதைவிட நல்ல வழி, அளவை இரண்டாகப் பிரித்து இரண்டாம் பங்கை மதியக் கூட்டம் தணிகிற 2.15-க்கு அடுப்பில் ஏற்றுவது. வெங்காயமும் பூண்டும் காலையிலேயே உரித்துத் தயாராக இருக்கும். அரிசி பருப்பு ஊறுவதற்கு மட்டும் ஒருவர் நேரத்தைக் கவனித்தால் போதும்.

தொட்டுக்க: உருளை வறுவல், தயிர், அப்பளம், ஊறுகாய். முட்டை புழங்குகிற கடையானால் ஆளுக்கு ஓர் ஆம்லெட். இரண்டு தொட்டுக்க வேண்டாம், வேலை கூடும்.

மற்ற நாட்கள்

கொள்ளு ஒரு நாள் கட்டாயம் வரட்டும். 1 கிலோ கொள்ளைக் கல் பார்த்து, எட்டு மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் ஏழெட்டு விசில். தண்ணீரை வடித்து எடுத்தால் அதுவே கொள்ளு ரசத்துக்கு. வெந்த கொள்ளை வரமிளகாய், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கடைந்தால் சோற்றுக்குப் பருப்பு. ஒரே வேகலில் இரண்டு பதார்த்தம். கொள்ளு ஊறாமல் போட்டால் லேசில் வேகாது. சித்திரை, வைகாசியில் சூடு என்று ஆட்களே ஒதுக்குவார்கள், அப்போது பச்சைப்பயறு கடைசலுக்கு மாறிக்கொள்ளலாம். சைவக் கடையில் முட்டைக்கு இடமில்லை என்பதால் கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலைச் சட்னி இவற்றைச் சுற்றி சுற்றித்தான் வர வேண்டும். சுற்றி வரலாம், தப்பில்லை.

கறி போடுவதானால் புதன்கிழமை. ஞாயிறு எல்லார் வீட்டிலும் கறி நாள், ஆனால் ஓட்டலுக்கு அது கூட்ட நாள், ஆட்களுக்கென்று தனியாகச் செய்ய நேரம் இருக்காது. செவ்வாய், வெள்ளி, சனி பலர் தொட மாட்டார்கள். பள்ளிபாளையம் முறையில் செய்தால் மசாலாப் பொடி எதுவும் வேண்டாம்: எலும்போடு கோழி 2.5 கிலோ, சின்ன வெங்காயம் 800 கிராம், விதை உதறிய வரமிளகாய் 60, ஒரு தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறியது, எண்ணெய் 200 மில்லி, மஞ்சள் 10 கிராம், உப்பு 35 கிராம். வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் கோழி, மூடி போட்டு இளந்தீயில் 25 நிமிடம். கடையில் விற்பது போல முழுக்கச் சுண்டவிட வேண்டாம். கடைசியில் அரை லிட்டர் வெந்நீர் விட்டால் சோற்றில் பிசைய வரும். மிளகாய் விதையை உதற மறந்தால் மதியம் முழுவதும் மோர்ப் பானையைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்பார்கள். பிரியாணிக்குக் கோழி உடைக்கிற கடையில் கழுத்தும் முதுகெலும்பும் சேரும். அன்றன்றைக்குச் சேர்ந்ததை அன்றே குழம்பு வைத்தால் அது அருமையான சரக்கு. மூன்று நாள் சேர்த்து வைத்துப் போட்டால் ஆட்களுக்குத் தெரியும்.

நாமக்கல் முட்டை விலையும் பல்லடம் கறிக்கோழி விலையும் வெளிப்படையாக அறிவிக்கப்படுபவை. விலை இறங்கிய நாளில் முட்டையை அட்டையாக எடுத்து வைத்தால் அந்த வாரம் முட்டைக் குழம்பு இரண்டு தரம் வரலாம்.

கீரைக்குத் தனிச் செலவே வேண்டாம் என்று சொல்லலாம். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கை எல்லாச் சந்தைக்கும் வருகிறது. காய் வாங்குகிற இடத்திலேயே கீரையும் கிடைக்கும். காலிப்ளவர்த் தண்டு, பீட்ரூட் இலை, கொத்தமல்லித் தண்டு என்று கட்டிங்கில் ஒதுக்குவதில் பாதி நல்ல காய். தண்டைத் தோல் சீவிப் பொரியலில் போடலாம். கொத்தமல்லித் தண்டோடு தேங்காயும் புளியும் வைத்து அரைத்தால் துவையல்.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு

கோவை, திருப்பூர் ஓட்டல்களில் இன்று ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாத அடுப்படி குறைவு. அவர்கள் சாப்பாட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்து நம் ஆட்கள் 'நம்ம சாப்பாடு புடிக்கலையாட்ட இருக்குதுங்க' என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். சிக்கல் பெரும்பாலும் புளியில்தான். சாம்பார், புளிக்குழம்பு, ரசம் என்று மூன்று வேளையும் புளி ஏறினால் பழக்கமில்லாத வயிறு எரியும். பருப்பு வேகும்போதே, புளி சேருமுன், மூன்று லிட்டரைத் தனியே எடுத்து வையுங்கள். சீரகம், வரமிளகாய், பூண்டு தாளித்து விட்டால் அதுவே அவர்களுக்குப் போதுமான பருப்பு. கூடுதல் வேலை ஐந்து நிமிடம்.

இரண்டாவது, உருளைக்கிழங்கு மசியல். 20 பேருக்கு 2.5 கிலோ கிழங்கை வேகவைத்துச் சூடாக மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம் 300 கிராம், பச்சைமிளகாய் 40 கிராம், உப்பு 30 கிராம், பச்சைக் கடுகெண்ணெய் 60 மில்லி சேர்த்துப் பிசைய வேண்டும். தாளிக்கக் கூடாது. கடுகெண்ணெயின் அந்தக் காரமான வாசனைதான் அவர்களுக்கு ஊர் நினைப்பு. நம் ஆட்களுக்கு அது சில சமயம் ஒத்துவராது, ஆகவே உள்ளூர் ஆட்கள் பங்கில் எண்ணெய் விடாமல் எடுத்து வையுங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் வரும் ஊட்டிக் கிழங்கு மசியலுக்கு நன்றாக வரும், ஆனால் விலை கூட. சாதாரணக் கிழங்கே போதும்.

பீகார் ஆட்கள் ராத்திரிக்குச் சோற்றைவிட ரொட்டியை விரும்புவார்கள். சப்பாத்தி போடுகிற கடையில் ஆளுக்கு ஐந்து என்று மாவைக் கூட்டிப் பிசைந்தால் முடிந்தது. ஒடிசா, வங்காளம், அசாம் ஆட்களிடம் பழைய சோற்றைப் பற்றி விளக்கவே வேண்டாம். பகாளா, பந்தா பாத், பொய்த்தா பாத் என்று ஊருக்கொரு பெயரில் அவர்கள் வீட்டிலும் அதுதான்.

புரட்டாசிச் சனிக்கிழமை, கார்த்திகையில் மாலை போட்டவர்கள், ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் ஆகிய கணக்கையும் பலகையில் எழுதி வையுங்கள். நோன்பு இருப்பவருக்கு மதியப் பங்கை மிச்சம் பிடிக்காமல், மாலை நோன்பு திறக்கிற நேரத்தில் கஞ்சியும் 15 நிமிட ஓய்வும் கொடுக்க வேண்டும். கறி வேகிற கரண்டியைச் சைவப் பாத்திரத்தில் விடாமல் இருப்பதற்கு ஒரே வழி, கரண்டிக் காம்பில் கலர் டேப் சுற்றுவது.

மிச்சத்தில் எது ஆகும், எது ஆகாது

இலைக்கோ டேபிளுக்கோ போய்த் திரும்பி வந்த எதுவும் ஆகாது. பரிமாறாமல் அடுப்படியிலேயே சூடாக இருந்தது ஆகும். காலை இட்லி மீந்தால் உதிர்த்து உப்புமா, சப்பாத்தி மீந்தால் கொத்து. சால்னாவை மட்டும் ஆட்களுக்கு மதியச் சாப்பாடாக்க வேண்டாம். நாள் முழுக்கக் கொதித்து எண்ணெயும் உப்பும் ஏறியிருக்கும்.

சோற்றில்தான் அதிகக் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வர வைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் 'நல்லா சூடு பண்ணிட்டேன்' என்பது சோற்றுக்குப் பொருந்தாத சமாதானம். சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல், குளிர வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆற ராத்திரி முழுக்க ஆகும். அகலத் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வைக்க வேண்டும்.

பொரித்த எண்ணெயை ஆள் சமையலுக்குத் தள்ளுவது இன்னொரு கெட்ட பழக்கம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது சேரும் போலார் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஆகாதது ஆட்களுக்கும் ஆகாது. வாந்தி, பேதி இருக்கிற ஆளை, நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையலில் கை வைக்க விடாதீர்கள். இதைச் சொல்ல அவர் பயப்படாமல் இருக்க, அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

விடியலும் மோரும்

5 மணிக்கு வருகிறவருக்கு டீயும் பன்னும் போதாது. பழைய சோறு நல்ல ஏற்பாடு, முறையாகச் செய்தால். புளிக்க வைப்பதால் சோற்றின் இரண்டு மணி நேரக் கணக்குக்கு இது ஒன்றுதான் விலக்கு. ராத்திரிக்கென்று வடித்த சோற்றில் கை படாத பங்கை ஒன்பதரைக்குள் எடுத்து, ஆவி போக ஆற்றி, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு விரல் மேலே நிற்கும்படி ஊற்றி, மண்பானையில் துணி கட்டி வைக்க வேண்டும். மதியச் சோறு வேண்டாம், அது ஏற்கனவே பல மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தது. காலையில் இளம்புளிப்பு வாசம் வர வேண்டும். நூல் பிடித்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 8 மணிக்கு மேல் வைக்காதீர்கள். பானையை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்க்காவிட்டால் மூன்றாம் நாளே வாடை பிடிக்கும். சின்ன வெங்காயம், மோர்மிளகாய், ஒரு கரண்டி தயிர் போதும். சர்க்கரை இருக்கிற மூத்த மாஸ்டர்களுக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றோடு அடுப்பு முன் நிற்காமல் இருப்பதுதான் அங்கே முக்கியம்.

மோர்: தயிர் 1 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், உப்பு 25 கிராம், இடித்த இஞ்சி, கறிவேப்பிலை. ஆளுக்குக் கால் லிட்டர். பகல் 12-க்கும் 4-க்கும் தந்தூரி அடுப்பு, பரோட்டாக் கல் பக்கம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அவர்கள் எழுந்து வர முடியாது.

யார் சமைப்பது

புதிதாக வந்த பையன் தலையில் கட்டுவது வழக்கம். அவனுக்கு உப்பு தெரியாது, சாப்பாடு கெடும், எல்லாரும் அவனையே திட்டுவார்கள். மாஸ்டருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இரண்டாம் கை ஆட்கள் வாரம் ஒருவராக முறை வைத்துச் செய்யட்டும். உதவிக்குப் புதுப் பையன். இறக்குவதற்கு முன் மாஸ்டர் ஒரு கரண்டி ருசி பார்த்தே ஆக வேண்டும். 'உப்பு கொஞ்சம் தூக்கலுங்க தம்பி, ரெண்டு கரண்டி வெந்நீர் விடு' என்று அவர் அங்கே சொல்வதுதான் பயிற்சி. 20 பேருக்கு உப்பு சரியாகப் போடக் கற்றவனை ஆறு மாதத்தில் சாம்பார் அண்டாவில் நிறுத்தலாம்.

பாத்திரம் கழுவுகிற அக்காவின் பங்கை முதல் பந்திக்கு முன்பே டிபன் கேரியரில் எடுத்து மூடி வையுங்கள். அவர் கை ஓய்வதற்குள் அண்டா அவரிடமே கழுவ வந்துவிடும் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கேரியரும் இரண்டு மணி நேரக் கணக்குக்குள் அடக்கம். அவர் மூன்றேகாலுக்குத்தான் உட்காருவார் என்றால் சூடு நிற்கிற ஹாட்பாக்ஸ், அல்லது 2.15-க்கு ஏற்றும் இரண்டாம் பங்கிலிருந்து முதல் கரண்டி.

கணக்குக்கு ஒரு நோட்டு. தேதி, ஆள் எண்ணிக்கை, போட்ட அரிசி, என்ன சமையல், மிஞ்சியது எத்தனை கிலோ. ஒரு கிலோ வரை மிஞ்சுவது சரி. தொடர்ந்து மூன்று நாள் இரண்டு கிலோவுக்கு மேல் மிஞ்சினால் அரிசியை 300 கிராம் குறைத்துப் பாருங்கள். ஒரே சமையல் போட்ட நாளில் மட்டும் மிஞ்சினால் அரிசியில் கை வைக்காமல் அந்தச் சமையலை மாற்றுங்கள். இந்தச் செலவை அடுப்படிச் சரக்குக் கணக்கோடு கலக்காமல் தனி வரியில் எழுதினால்தான் மாதக் கடைசியில் சாம்பாருக்குப் பருப்பு ஏன் இத்தனை போனது என்று மாஸ்டரும் முதலாளியும் சண்டை போட வேண்டியிருக்காது.